மண்டோர் வீட்டுக் கறிவேப்பிலை

ஆறாயிரத்து நானூறு செம்பனை மரங்களுக்குப் படியளக்கிற மனிதர் நல்லசாமி. மலேசியாவில் கோலா சிலாங்கூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் உள்ளே போனால் வருகிற தோட்டத்தில், மூன்றாம் பிரிவின் உர மண்டோர், அதாவது உரம் போடுகிறவர்களுக்கு மேஸ்திரி அவர். பன்னிரண்டு பெண்கள் இடுப்பில் வாளியோடு வரிசை பிடித்து நடக்க, அவர் பின்னால் நின்று குரல் கொடுப்பார். மரத்துக்கு ஒரு குவளை. குவித்து அல்ல, தலைதட்டி.

"தலைதட்டிப் போடு வள்ளியம்மா! கோபுரம் கட்டாதே!"

இந்த ஒரு வாக்கியத்தை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணத் தொடங்கினால் வேலை நடக்காது. அதோடு விடுவாரா என்றால் அதுவும் இல்லை. மரத்தின் தூரை ஒட்டி யாராவது உரத்தைக் கொட்டிவிட்டால் அன்றைக்கு ஒரு பிரசங்கமே நடக்கும்.

"மரம் என்ன உன்னையும் என்னையும் மாதிரி வாயைத் தொறந்து திங்கிதா? வேரோட நுனியால குடிக்குது லா. நுனி எங்க இருக்கு? அந்தா, ஆறடி தள்ளி இருக்கு. அங்க தூவு. மழையில கரைஞ்சி, தண்ணியோட தண்ணியா உள்ள போனாத்தான் அதுக்குச் சோறு. தூருல கொட்டினா யாருக்குப் போடுறே? மண்புழுவுக்கா?"

சாயங்காலம் உர ஸ்டோர் வாசலில் இன்னொரு சடங்கு உண்டு. பெண்கள் தலைத்துண்டை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு பிடி உரம் வெளியே போகக் கூடாது. போன வருஷம் வள்ளியம்மா மிளகாய்ச் செடிக்கென்று ஒரு கைப்பிடி உரத்தைத் துண்டு முனையில் முடிந்து வைத்திருந்தாள். நல்லசாமி அதை எல்லார் முன்னாலும் அவிழ்க்க வைத்து, சிந்தியதையும் கூட்டி அள்ளி மூட்டையில் போடச் சொன்னார். வள்ளியம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் காதுக்கு நிம்மதியாக இருந்தது என்று அவர் வேறு சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் வீடும் இவர் வீடும் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடுகள், நடுவில் ஒரு தகர வேலிதான்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வீட்டில் என்ன மரியாதை என்று கேட்டால், மனைவி இராஜம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: "உங்களுக்குக் கம்பெனி மரந்தான் மரம்."

அந்த வாக்கியத்துக்குப் பதினாறு வயது. எழுபதாம் வருஷம் கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இங்கே மாறி வந்தபோது லோரியில் கட்டில், பெட்டி, பாத்திரம் எல்லாம் ஏறிவிட்டன. இராஜம்மா மட்டும் ஒரு பால் மாவு டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். டின்னில் ஒரு சாண் உயரக் கறிவேப்பிலைக் கன்று. "அதை விட்டுட்டு ஏறு புள்ள, அங்க ஆயிரம் கெடைக்கும்" என்றார் நல்லசாமி. அவள் விடவில்லை. வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்து, பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டாள். இப்போது அது கூரையை எட்டிப் பார்க்கிறது. லயம் முழுக்க அந்த மரத்து இலையில்தான் தாளிக்கிறது. குழம்பில் உப்பு கூடினாலும், மாப்பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை எடுக்க மறந்தாலும், எந்தச் சண்டையாக இருந்தாலும் கடைசியில் இராஜம்மா அந்த லோரிக்கு வந்து சேருவாள். அந்த இடத்தில் நல்லசாமி பீடிக்கட்டைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். உண்மையில் அவர் ஒரு நாளும் அந்த மரத்துக்கு ஒன்றும் செய்ததில்லை.

எண்பத்தாறாம் வருஷம் மே மாதம், ரவாங்கில் இருக்கிற மகள் சந்திரிகாவுக்கு இரண்டாவது பிரசவம். பேறுகாலம் பார்க்க இராஜம்மா கிளம்பினாள். வாசலில் நின்று உத்தரவு போட்டாள்.

"தெனம் வெளக்கு ஏத்துங்க. பாவக்கா வாங்கினா நறுக்கி உப்புப் போட்டுப் பெசறி வைங்க, கசப்புத் தண்ணி எறங்கினதும் புழிஞ்சிட்டு வதக்குங்க. இல்லன்னா வாயில வைக்க முடியாது. மரம் பத்திரம். நான் செய்யுறதையே செஞ்சாப் போதும். திரும்பி வர்றப்ப ஒரு எல கொறஞ்சிருந்தாலும் தெரிஞ்சிரும் எனக்கு."

"சரி, சரி" என்றார் நல்லசாமி. அவள் அந்த மரத்துக்கு என்ன செய்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்கலாம்தான். பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு அதைக் கேட்டால் லோரி வந்துவிடும். ஆகவே கேட்கவில்லை. பஸ் கிளம்பும்போது மனதுக்குள் ஒரு தீர்மானம் எடுத்தார். அவள் திரும்பி வரும்போது அந்த மரம் பார்த்தவர் வாய் பிளக்கிற மாதிரி நிற்க வேண்டும். அந்தப் பதினாறு வயது வாக்கியத்துக்கு அன்றோடு முடிவு கட்டிவிட வேண்டும்.

தினம் சாயங்காலம் விருந்தாளிக்குக் கொடுப்பது போல ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். கடமை முடிந்தது. துணி துவைப்பதுதான் சங்கடமாக இருந்தது. வேலைக்குப் போகிற சட்டையும் சிலுவார் என்கிற கால்சட்டையும் நாள் முடிவில் உரத்தூளில் மாவு பூசியது போல இருக்கும். துவைக்கிற கல்லில் மண்டோர் குந்தி உட்கார்ந்திருப்பதை வள்ளியம்மா வேலிக்கு மேலே பார்த்துவிட்டால் போதும், மறுநாள் ஆறாயிரத்து நானூறு மரங்களுக்கும் அந்தச் செய்தி போய்விடும். ஆகவே அவர் ஸ்டோர் குழாயடியிலேயே எல்லாரும் போன பிறகு துணியை அலசி, ஒரு கைலியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

மூன்று வாரம் போனது. அந்த வருஷம் வெயில் கடுமை. மரத்தின் கரும்பச்சை மெல்ல வெளுத்தது. கீழ் இலைகள் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தன.

நல்லசாமி இடுப்பில் கைவைத்து மரத்தைப் பார்த்தார். இலையைப் பார்த்து மரத்தின் பசியைச் சொல்கிற கண் அவருடையது. நுனி வெளுத்தால் இன்ன குறை, ஓரம் ஆரஞ்சு நிறமானால் இன்ன குறை என்று தோட்டத்துரைக்கே சொல்லியிருக்கிறார். "பசி" என்று தீர்ப்பு சொன்னார். மறுநாள் சாயங்காலம் பெண்கள் துண்டை உதறிக் காட்டிவிட்டுப் போனதும், ஸ்டோர்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளை உரத்தில் ஒரு குவளையும் சிவப்பு உரத்தில் ஒரு குவளையும் அள்ளித் தன் துண்டில் முடிந்தார். ஊரையெல்லாம் சோதிக்கிற மண்டோரைச் சோதிக்க யாரும் இல்லை. என்றாலும் வீடு வந்து சேருகிற வரை துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடந்தார்.

குவளை இரண்டும் தலைதட்டிய குவளையா என்றால் இல்லை. கோபுரம். அளவெல்லாம் கம்பெனி மரத்துக்கு, வீட்டு மரத்துக்கு என்ன கஞ்சத்தனம்! இடமும் குறுகல். ஒரு பக்கம் துவைக்கிற கல், மறுபக்கம் வேலி. ஆறடி தள்ளித் தூவ ஆறடிக்கு எங்கே போவது? தூரைச் சுற்றிக் கொட்டி, வழக்கமான செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மனநிறைவோடு பீடி பற்றவைத்தார்.

நாலாம் நாள் இலைகளின் ஓரம் கருகியிருந்தது. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே இலைகள் தொங்கின. மண்ணைத் தொட்டால் ஈரம் இருந்தது. ஈரம் இருக்க மரம் வாடுமா? பசி இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு குவளை கொண்டுவந்து போட்டார். அதற்கப்புறம் இலை கொட்டியது பாருங்கள், தினமும் காலையில் கூட்டி அள்ள ஒரு முறம் தேவைப்பட்டது.

உரத்தில் குற்றம் இருக்க முடியாது, மண்டோரிடமும் குற்றம் இருக்க முடியாது என்றால் மீதி இருப்பது கண்ணேறுதான். "இந்த லயத்துலயே இப்பிடி ஒரு மரம் கெடையாதுண்ணே" என்று சொல்லிச் சொல்லித் தினமும் வேலிக்கு மேலே கைநீட்டிக் கிள்ளியது யார்? வள்ளியம்மா. நல்லசாமி ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஏழு மிளகாயையும் கோத்து மரத்தில் கட்டினார். அந்த வாரம் முழுவதும் வேலைக்காட்டில் வள்ளியம்மாவுக்குக் காரணமே இல்லாமல் திட்டு விழுந்தது. ஸ்டோர் குழாயடியில் புல் முழங்கால் உயரம் மதமதவென்று வளர்ந்திருக்கிறது என்று அதற்கும் அவளைத்தான் பிடித்துக்கொண்டார்.

"புல்லு வளந்ததுக்கும் நாந்தானா மண்டோரே?" என்றாள் அவள். "நாளைக்கு மழ பெய்யலன்னாலும் என்னையத்தான் கேப்பீங்க போலிருக்கு."

அப்படியிருக்கும்போது கணக்கெழுதுகிற கிராணி தனபாலன் ஆபீஸ் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். "மண்டோரே! ரவாங்கிலருந்து போன் வந்துச்சு. வர்ற மூணாவது ஞாயித்துக்கெழம அம்மா வர்றாங்களாம். மகளும் பிள்ளையுங்கூட வருதாம். பிள்ள பெத்தவளுக்குப் பத்தியக் கொழம்பு வைக்கணும், நம்ம மரத்துக் கறிவேப்பில இருக்குன்னு சந்தோசமாச் சொன்னாங்க."

நல்லசாமி சிரித்து வைத்தார். மூணாவது ஞாயிறு என்றால் பத்தொன்பது நாள். இராஜம்மா கத்தினால் தாங்கிக்கொள்ளலாம், அதில் அவருக்கு நல்ல பழக்கம். ஆனால் அவள் கத்தாமல் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று அது. அந்த நினைப்பு வந்தபோதுதான் அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அன்று சாயங்காலம் பாகற்காய் இருந்தது. சமைக்க மனமில்லை, ஆனால் வயிறு கேட்கவில்லை. மெல்லிய வட்டமாக நறுக்கி, இராஜம்மா சொன்னபடி உப்புப் போட்டுப் பிசறினார். எவ்வளவு உப்பு என்று அவள் சொல்லவில்லை. அவர் ஒரு கைப்பிடி போட்டார். பிறகு குளிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் கிண்ணத்தில் பாதி தண்ணீர். பாகற்காயைக் காணவில்லை என்றே முதலில் நினைத்தார். அடியில் கிடந்தது. ஒரு துண்டை எடுத்தார். நறுக்கும்போது மொடமொடவென்று நின்றது, இப்போது விரலிலிருந்து துவண்டு தொங்கியது. அப்படியொரு தொங்கலை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். தலையைத் தூக்கினார். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே மரத்தில் இலைகள் அதே மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

கிண்ணத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. வெளியே இருந்த உப்பு, காய்க்குள்ளே இருந்த தண்ணீரை இழுத்து வெளியே போட்டிருக்கிறது. உரமும் உப்புதானே? வேலை முடிந்து வரும்போது உதட்டை நக்கினால் கரிக்கும். பதினாறு வருஷமாகக் கரிக்கிறது. ஓடிப்போய் தூரில் விரலால் கிளறினார். கரையாத சிவப்புக் குருணை இன்னும் கிடந்தது. ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தார். நாக்கு சுரீரென்றது.

"அடப்பாவி" என்றார். தன்னைத்தான் சொன்னார்.

வேர் தண்ணீரை உள்ளே இழுக்கும் என்று ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்தவர் அவர். வெளியே உப்பு கனத்துவிட்டால் வேரால் இழுக்க முடியாது, உள்ளே இருப்பதையும் பறிகொடுக்கும் என்பது பாகற்காய் நறுக்குகிற ஒவ்வொரு பெண்ணின் கைக்கும் தெரிந்திருக்கிறது. ஈரத்தில் நின்றுகொண்டே மரம் தாகத்தில் சாகிறது. மேலே இலைகளோ வெயிலில் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கின்றன, கீழிருந்து ஏறுவது ஒன்றும் இல்லை. பசியென்று நினைத்து அவர் ஊட்டிய ஒவ்வொரு குவளையும் மரத்தின் தொண்டையை நெரித்திருக்கிறது.

வழி ஒன்றுதான். குழம்பில் உப்பு கூடினால் தண்ணீர் விடுவது போல, மண்ணிலிருக்கிற உப்பைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். ஒரு செம்பு, ஒரு வாளியால் ஆகாது. நாள் ஒன்றுக்கு நாற்பது வாளியாவது வேண்டும். குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், அதுவும் நூலாக. பக்கத்தில் பாரிட் என்கிற பெரிய கால்வாய் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் கடல் ஏறும்போது அதிலும் உப்பு ஏறும். அதை ஊற்றுவதும் ஒன்றுதான், மரத்தை வெட்டுவதும் ஒன்றுதான். லயத்தில் இருக்கிற எல்லா வீட்டுக் குழாயும் திறந்தால் மட்டுமே நாற்பது வாளி தேறும். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

நல்லசாமி வேலியருகே போய் நின்றார். தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"என்னண்ணே, தொண்ட கட்டிக்கிச்சா? திட்டித் திட்டி இருக்கும்" என்றாள் வள்ளியம்மா. காட்டில்தான் மண்டோர், லயத்தில் அண்ணன்.

"வள்ளியம்மா, தண்ணி வேணும். நெறைய வேணும்."

"எதுக்கு?"

சொன்னார். துண்டில் உரத்தை முடிந்தது, கோபுரம் கட்டியது, தூரில் கொட்டியது, மூன்றாவது குவளை, எலுமிச்சம்பழம் எல்லாம் சொன்னார். கடைசியில், "போன வருசம் ஒன்னைய எல்லாரு முன்னுக்கும் துண்டு முடிச்ச அவுக்க வச்சேன் பாரு, அது தப்புதான்" என்றும் சொன்னார். இது சொல்ல வேண்டியதாக இருக்கவில்லை, தானாக வந்துவிட்டது.

வள்ளியம்மா சிரிக்கத் தொடங்கினாள். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் மரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ஐயோ, அக்கா மரம்லா இது" என்றாள். அடுத்த நிமிஷம் அவள் குரல் லயம் முழுக்கக் கேட்டது. "ஏ, எல்லாரும் வாளிய எடுத்துக்கிட்டு வாங்க! மண்டோரு கறிவேப்பிலைக்கு வெஷம் வச்சிட்டாரு!"

அப்புறம் என்ன, காலையில் உரம் சுமந்த அதே பன்னிரண்டு பேர் சாயங்காலம் தண்ணீர் சுமந்தார்கள். தங்கள் வீட்டுக்குப் பிடிக்கிற தண்ணீரில் முதல் மூன்று வாளியை இந்த மரத்துக்குக் கொடுத்தார்கள். நல்லசாமி மேல்மண்ணைச் சுரண்டிக் குருணையை அள்ளிவிட்டு, உப்புத் தண்ணீர் தேங்காமல் வடிந்து போக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினார். அவர் வாளியை வாங்கி அவசரமாகச் சாய்த்தால் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மெதுவா, மண்டோரே! ஊறட்டும்!"

"மரம் என்ன வாயாலயா குடிக்குது? வேரு நுனிக்கு ஊத்துங்க லா!"

"சிந்தினத கூட்டி அள்ளிப் போடுங்க!"

பதினாறு வருஷத்துப் பாக்கியை அவர்கள் ஒரே சாயங்காலத்தில் தீர்த்துக்கொண்டார்கள். நல்லசாமி அடுத்த வாளிக்குக் கைநீட்டினார். சொல்லப்போனால் அவருக்கு அது பிடித்தும் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கடினமான வேலை மறுநாள் காலை காத்திருந்தது. நாற்றுப் பண்ணையில் பெரிய கன்றைப் பிடுங்கி நடும்போது ஓலையை வெட்டிவிட்டுத்தான் நடுவார்கள். அடிபட்ட வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது. இந்த மரத்துக்கும் அதைத்தான் செய்தாக வேண்டும். மிச்சமிருக்கிற இலையையும் கிளையையும் வெட்டினால் வேருக்குச் சுமை குறையும், பிழைக்க வழி உண்டு. ஆனால் ஒரு இலை குறையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவளுக்கு, ஒரு இலைகூட இல்லாத மரத்தைக் காட்ட வேண்டும். கத்தியை எடுத்துத் துவைக்கிற கல்லில் இரண்டு தடவை தீட்டினார். விட்டுவிட்டால் அவள் வரும்வரை பத்து இலையாவது ஒட்டியிருக்கும். அதைக் காட்டி ஏதாவது கதை சொல்லலாம். மரம் போய்விடும், அவ்வளவுதான்.

வெட்டினார். இடுப்பு உயரத்துக்கு நாலு முண்டுக் கிளை மட்டும் மிஞ்சியது. வெட்டிப் போட்டதில் பச்சையாக இருந்ததையெல்லாம் வள்ளியம்மா பொறுக்கிக்கொண்டு போனாள்.

எட்டு நாள் தண்ணீர் ஓடியது. நல்லசாமி தினமும் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்பதாம் நாள் கரிக்கவில்லை, வெறும் மண்ணாக இருந்தது. அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. காலையில் எழுந்ததும் விளக்குக்கு முன்னால் நிற்பதற்கு முன்பு மரத்துக்கு முன்னால் நின்றார். முண்டு முண்டாகவே இருந்தது. பதினாலு, பதினைந்து, பதினாறு நாள். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை, ஒரு முண்டின் ஓரத்தில் அரிசி அளவு ஒன்று தெரிந்தது. செம்பு நிறம். மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். தளிர்தான். பக்கத்தில் இன்னொன்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது வயதில், கைலியோடு, ஒரு முண்டுக் கட்டையின் முன்னால் அழுதுகொண்டிருப்பதை யாராவது பார்க்கிறார்களா என்று வேலிப் பக்கம் திரும்பினார். வள்ளியம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அபூர்வமாக, தலையை வேலிக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். அன்று காட்டில் அவர் யாரையும் திட்டாததால் பெண்கள் பயந்து போய்த் தாங்களாகவே குவளையைத் தலைதட்டிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இராஜம்மா கைப்பையைச் சந்திரிகாவிடம் கொடுத்துவிட்டுப் பேரனை ஏந்திக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போனாள். நல்லசாமி பின்னாலேயே போனார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

இராஜம்மா நின்றாள். கத்தவில்லை. அவர் பயந்தது அதற்குத்தான்.

"நாந்தான் புள்ள" என்றார். "எல வெளுத்துச்சு. பசின்னு நெனச்சி ஒரத்த போட்டுட்டேன். அளவில்லாம போட்டுட்டேன். உப்பு கூடிப் போயி வேரு கருகிருச்சு. நாந்தான் வெட்டுனேன். வெட்டலன்னா மொத்தமாப் போயிருக்கும். இப்பத் துளுத்திருக்கு, இங்க பாரு, ஏழு எடத்துல துளுத்திருக்கு. நீ வர்றப்ப நல்லா நிக்கணும்னுதான் போட்டேன்."

இராஜம்மா குனிந்து ஏழு தளிரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு துவைக்கிற கல்லைப் பார்த்தாள். கல் காய்ந்து, மேலே பல்லி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"நீங்க சட்டைய எங்க தொவச்சீங்க?" என்று கேட்டாள்.

"என்ன?"

"வேலச் சட்ட. இந்தக் கல்லுல தொவைக்கலியா?"

"ஸ்டோரு கொழாயடியில அலசிட்டு வந்துருவேன்" என்றார் நல்லசாமி, ஒன்றும் புரியாமல். "அதுக்கும் இதுக்கும் என்ன?"

இராஜம்மா பேரனைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் சிரித்துவிட்டாள்.

"நான் செய்யுறதையே செய்ங்கன்னுதானே சொல்லிட்டுப் போனேன்? தெனம் உங்க சட்டையையும் சிலுவாரையும் சோப்புப் போடுறதுக்கு முன்ன ரெண்டு வாளித் தண்ணியில அலசுவேன். மொதத் தண்ணி அப்பிடியே பாலா எறங்கும். அத இந்த மரத்துக்கு ஊத்திருவேன். வந்த நாள்லருந்து அதான் இதுக்குச் சாப்பாடு. வேற எதுவும் நான் போட்டதில்ல."

ஸ்டோர் குழாயடியில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த புல் நல்லசாமியின் கண்முன் வந்து நின்றது. அங்கே போய்ச் சேர்ந்தது இங்கே வரவேண்டியது. வாரத்துக்கு ஆறு நாள், பதினாறு வருஷம் இங்கே வந்துகொண்டிருந்தது.

"அப்ப..." என்றார்.

"அப்பென்ன அப்ப" என்றாள் இராஜம்மா. "இத்தன வருசமா இதுக்கு ஒரம் போட்டது நீங்கதான். உங்களுக்குத்தான் தெரியாது."

அவர் ஒரு தளிரைத் தொட்டுப் பார்த்தார். "தெரிஞ்சிருந்தும் கம்பெனி மரம் கம்பெனி மரம்னு சொல்லிக்கிட்டு இருந்தியே?"

"சொன்னாத்தானே நீங்க இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பீங்க!" என்றாள் அவள்.

சந்திரிகா வாசற்படியில் நின்று, "அம்மா, அப்போ பத்தியக் கொழம்புக்கு எல?" என்றாள். வேலிக்கு மேலே ஒரு ஹார்லிக்ஸ் புட்டி நீண்டது. அதைப் பிடித்திருந்த கை வள்ளியம்மாவுடையது. "வெட்டுனதுல நல்ல எலய நெழல்ல காய வச்சிப் பொடி பண்ணி வச்சிருக்கேங்கா. உங்க மரத்துதுதான்" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நல்லசாமி உரத்தூள் படிந்த சட்டையோடு நேராக வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றினார். இராஜம்மா கைநீட்டினாள், அவர் கொடுக்கவில்லை. துவைக்கிற கல்லில், லயம் முழுக்கப் பார்க்க, குந்தி உட்கார்ந்தார். இரண்டு வாளித் தண்ணீரில் சட்டையை முக்கி அலசினார். தண்ணீர் பாலாக இறங்கியது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். லேசாகக் கரித்தது, அவ்வளவுதான். தூரை விட்டுத் தள்ளி, வேர் நுனி இருக்கும் இடம் பார்த்து, மெல்லச் சாய்த்தார்.

வேலிக்கு மேலே வள்ளியம்மாவின் தலை தெரிந்தது.

"தலைதட்டி, மண்டோரே! கோபுரம் கட்டாதீங்க!"

"சரிம்மா" என்றார் மண்டோர், வாளியிலிருந்து தலையைத் தூக்காமல்.